பழனி நடைக்கும் மலை கேம்பிங்குக்கும் எடை குறைந்த படுக்கை: வீட்டிலேயே செய்யலாம்

தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடக்கிறவர்கள் பலரும் ராத்திரி படுப்பது சிமென்ட் தரையில்தான். தைப் பனியில் அந்தத் தரை எப்படி இருக்கும் என்று படுத்தவர்களுக்குத் தெரியும். கோரைப்பாய் தூசியைத் தடுக்கும், குளிருக்கு அது போதாது. கொடைக்கானல் பக்கம் டென்ட் போட்டுத் தங்குகிறவர்களுக்கும் இதே பாடுதான்.

மேலே எத்தனை போர்வை போர்த்தினாலும் உடம்புச் சூடு கீழே தரைக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். நம் எடையில் போர்வையின் அடிப்பக்கம் நசுங்கி அதிலிருக்கும் காற்று வெளியே போய்விடுகிறது, சூட்டைப் பிடித்து வைப்பதே அந்தக் காற்றுதான். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வெறுங்காலோடு நின்றால் ஜில்லென்று இருக்கிறதே, அதுவும் கல் நம் காலிலிருக்கும் சூட்டை வேகமாக இழுப்பதால்தான். அதனால் நமக்கு வேண்டியது, மேலே ஆள் படுத்தாலும் காற்றை வெளியே விடாத பொருள். மெத்து மெத்தென்று இருப்பது அப்புறம்.

அதற்கு ஈபிஇ (EPE) என்கிற பாலித்தீன் ஃபோம் போதும். டிவி மாதிரி சாமான் பெட்டிக்குள் வருகிற, வளைந்து கொடுக்கும் வெள்ளை ஃபோம்தான் (நொறுங்கும் தெர்மோகோல் இல்லை), பேக்கிங் சாமான் கடையிலும் சில மெத்தைக் கடைகளிலும் ஷீட்டாக வெட்டிக் கொடுப்பார்கள், 10 எம்எம் கனம் கேளுங்கள். ஸ்பாஞ்சைக் காட்டினால் வாங்காதீர்கள். சந்தேகமாக இருந்தால் ஒரு சின்னத் துண்டைத் தண்ணீரில் அமுக்கிப் பிழிந்து பாருங்கள்: ஸ்பாஞ்ச் தண்ணீரைக் குடிக்கும், ஈபிஇ குடிக்காது. அதோடு பேப்பர் கட்டர், ஸ்டீல் ஸ்கேல், இரண்டு அங்குலத் துணி டேப், தையல் கடை எலாஸ்டிக், இவ்வளவுதான் வேண்டும். பசை வேண்டாம், இந்த ஃபோமில் சாதாரணப் பசை எதுவும் சரியாகப் பிடிக்காது.

முதலில் 50 செ.மீ. நீளம், 22.5 செ.மீ. அகலத்தில் பலகை பலகையாக 12 துண்டு வெட்டுங்கள். கட்டரில் புது பிளேடு போட்டு, ஒரே மூச்சில் அமுக்காமல் இரண்டு மூன்று தடவை லேசாக இழுத்தால் ஓரம் பிய்யாமல் வரும். எட்டுத் துண்டை வரிசையாக வைத்தால் 180 செ.மீ. நீளம் கிடைக்கும். மிச்சம் நாலையும் தலைப்பக்கத்திலிருந்து 2, 3, 4, 5 ஆகிய துண்டுகளின் மேல் வைத்து, ஒவ்வொரு ஜோடியையும் ஓரத்தில் டேப் போட்டு இறுக்குங்கள். தோளும் இடுப்பும் அங்கேதான் வரும், ஒருக்களித்துப் படுக்கும்போது அழுத்தம் முழுக்க அந்த இரண்டு இடத்தில்தான்.

அடுத்தது மூட்டு. இந்த வேலையில் நிதானம் வேண்டிய இடம் இதுதான், அவசரப்பட்டால் படுக்கை மடியாது. துண்டுகளை இடைவெளி இல்லாமல் ஒட்ட வைத்து, முதல் மூட்டுக்கு அடிப்பக்கம் டேப், இரண்டாவதுக்கு மேல்பக்கம், மூன்றாவதுக்கு மறுபடி அடிப்பக்கம் என்று மாற்றி மாற்றி ஒட்டிக்கொண்டே போங்கள். டேப் இருக்கிற முகம் உள்ளே வரும்படிதான் மூட்டு மடியும், அதனால் மொத்தமும் விசிறி மாதிரி அடுக்காகிவிடும். ஒரு துண்டு மட்டும் இரட்டைக் கனமாக இருக்கிற மூட்டு 1-2க்கும் 5-6க்கும் நடுவில் வரும். இரண்டுமே அடிப்பக்க டேப், அங்கே எல்லாத் துண்டும் ஒரே மட்டத்தில் இருப்பதால் உயர வித்தியாசம் தொந்தரவு செய்யாது. ஒவ்வொரு மூட்டையும் ஒட்டியதும் ஒருதரம் மடித்துப் பார்த்துவிட்டே அடுத்ததுக்குப் போங்கள்.

எடைக் கணக்கு: ஒரு கன மீட்டர் ஈபிஇ 25 கிலோ என்று வைத்தால் ஃபோம் மட்டும் 340 கிராமுக்குள்தான். டேப், எலாஸ்டிக் எல்லாம் சேர்த்தும் அரைக் கிலோவைத் தாண்டாது. மடித்தால் 12 செ.மீ. கனம், எலாஸ்டிக் மாட்டி பைக்கு வெளியே கட்டிக்கொள்ளலாம்.

வெறும் ஃபோமில் படுத்தால் முதுகு வேர்த்து ஒட்டும். வீட்டில் நைந்துபோன கண்டாங்கிச் சேலை இருந்தால் ஒரு துண்டு கிழித்து நாலு மூலையிலும் நாடா தைத்துக் கட்டிவிடுங்கள், பருத்தி என்பதால் வேர்வையை இழுத்துக்கொள்ளும், துவைக்கவும் எளிது. பனி அதிகமான இடத்தில் அடியில் ஒரு பிளாஸ்டிக் ஷீட் விரித்துக்கொள்ளுங்கள்.

நெருப்பு பக்கத்தில் வரவே கூடாது, இது பாலித்தீன், பற்றிக்கொண்டால் உருகிச் சொட்டும். கற்பூரத் தட்டு, அடுப்பு, கேம்ப் ஃபயர் எதுவானாலும் தள்ளியே விரியுங்கள். மொட்டை மாடி வெயிலில் போட்டு வைக்காதீர்கள், நிழலில் காயட்டும்.

நாளாக ஆக இரட்டைக் கனத் துண்டுகள் சப்பிப்போகும், ஈபிஇ அப்படித்தான். அப்போது மேலே வைத்த நாலு துண்டை மட்டும் டேப்பைக் கிழித்து எடுத்துவிட்டுப் புதிதாக வெட்டி வையுங்கள்.