லிஸ்ப்புக்குள் அணிக் கணக்கு: வடிவத்தைப் பிரித்து வையுங்கள்

அணிக் கணக்குக்கென்றே உருவான ஏபிஎல் கணினி மொழியில் முழு அட்டவணையையும் லூப் இல்லாமல் ஒரே வரியில் பெருக்கலாம். லிஸ்ப் குடும்பத்து ராக்கெட் மொழியில் அந்த வசதி வேண்டுமானால் மேக்ரோ (கோடை எழுதும் கோட்) தேவையில்லை, மூன்று ஃபங்ஷன் போதும். ராக்கெட் தமிழ்ப் பெயர்களை ஏற்கும்.

உதாரணத்துக்குத் திருக்கடலூர், சல்லி, கிண்ணியா மூன்று கரைகளிலும் நான்கு நாள் மீன்பாடு, கிலோவில்:

(define மீன்பாடு (அணி '(3 4) #(12 15 0 9 20 18 22 0 7 0 11 13)))

'அணி' என்பது இரண்டு புலமுள்ள ஸ்ட்ரக்ட்: வடிவம் (3 வரிசை, 4 நிரல்), தரவு. லிஸ்டுக்குள் லிஸ்ட் வைக்க வேண்டாம். ஒரு வரிசையில் ஓர் எண் விடுபட்டாலும் லிஸ்ட் வாயே திறக்காது. இங்கே 3×4 தரவின் நீளத்தோடு பொருந்துகிறதா என்று உருவாக்கும்போதே பார்த்துவிடலாம்.

அடுத்தது, ஓர் இடத்து எண்ணைத் தரும் 'எடு'. சுட்டெண் பூச்சியத்தில் தொடங்கும். வரிசை 1, நிரல் 2 என்றால் 1×4+2=6. ஆறாம் இடத்தில் 22, சல்லியின் மூன்றாம் நாள்.

இனி, ஒரு கணக்கை எல்லா எண்ணிலும் செய்யும் 'ஒவ்வொன்றும்'. சிக்கலெல்லாம் இதில்தான்.

(ஒவ்வொன்றும் * மீன்பாடு 850)

850 என்பது கிலோ விலை. இப்படித் தனி எண்ணை எல்லா இடத்துக்கும் நீட்டுவது எளிது. ஆனால் கரைக்கு ஒரு விலை என மூன்று எண் தந்தால்? ஏபிஎல் வழிவந்த ஜே மொழி வடிவங்களை இடப்பக்கமிருந்து ஒப்பிடும்: 3-உம் 3-உம் பொருந்தும். பைதானின் அணி நூலகமான நம்பை (NumPy) வலப்பக்கமிருந்து ஒப்பிடும்: 3-உம் 4-உம் மோதிப் பிழை வரும். பிழை வந்தால் தப்பித்தீர்கள். அட்டவணை 3×3 ஆக இருந்தால் இரண்டுமே விடை தரும், ஆனால் வேறு வேறு விடை!

இங்கே ஜே வழியே வசதி. தரவின் k-ஆம் இடத்துக்கு எந்த விலை? k-ஐ 4-ஆல் வகுத்த ஈவு. 6-க்கு ஈவு 1, சல்லி விலை. ஈவுக்குப் பதில் மீதியை எடுத்தால் அது நம்பை வழி. அப்போது நாளுக்கு ஒரு விலை, நான்கு எண் வேண்டும்.

கடைசியாக, ஒவ்வொரு வரிசையையும் ஓர் எண்ணாக்கும் 'ஒடுக்கு':

(ஒடுக்கு + மீன்பாடு)

வரிசைவாரியாக 36, 60, 31 வர வேண்டும். கூட்டலில் திசை தெரியாது; கழித்தலில் தெரியும். இந்த மூன்று எண்ணையும் கழித்தலால் ஒடுக்கினால், ஏபிஎல் வலமிருந்து ஒடுக்கும்: 36−(60−31)=7. ஆனால் லிஸ்ப்பில் (- 36 60 31) என்றால் −55. எதைப் பின்பற்றுகிறீர்கள் என்று கோடில் குறிப்பெழுதி வையுங்கள்.

வெற்று அணியையும் ஒடுக்கிப் பாருங்கள்: கூட்டலுக்கு 0, பெருக்கலுக்கு 1 வராவிட்டால் தொடக்க மதிப்பை மறந்துவிட்டீர்கள்.