ட்யூப் போடுவதற்கு முந்தைய மூன்று நிமிடம்

"சாச்சுரேஷன் 98 இருக்கு, போட்டுடலாமா?" நோயாளியின் மூச்சுக்குழாயில் ட்யூப் போடும் முன் ஐசியுவில் புதிதாகச் சேர்ந்த எல்லோரும் கேட்கிற கேள்வி இது. நானும் கேட்டிருக்கிறேன். 98 என்பது ரத்தத்தில் இருக்கும் ஆக்சிஜனின் கணக்கு. ட்யூப் போட மயக்க மருந்து கொடுத்து மூச்சு நின்ற பிறகு நோயாளி செலவழிக்கப் போவதோ நுரையீரலில் இருக்கும் கையிருப்பை. சாதாரணக் காற்றில் பெரும்பகுதி நைட்ரஜன்தான், அதை வெளியேற்றி அந்த இடத்தை ஆக்சிஜனால் நிரப்பினால் ஆரோக்கியமான பெரியவர் ஏறக்குறைய 8 நிமிடம் தாங்குவார், நிரப்பாவிட்டால் ஒரு நிமிடம் சொச்சம். நுரையீரல் செயலிழந்தவருக்கு இந்த 8 நிமிடக் கணக்கு செல்லாது: காற்றறைகள் பாதி மூடிக் கிடக்கும், உடம்போ அதிக ஆக்சிஜன் கேட்கும்.

முதலில் தலைப்பக்கத்தை 20 முதல் 30 டிகிரி உயர்த்துங்கள். வயிறு உதரவிதானத்தை அழுத்துவது குறையும். செலவில்லாத வேலை, ஆனாலும் அவசரத்தில் இதைத்தான் மறப்போம்.

அடுத்து, ஆக்சிஜன் குழாயை விரலால் பிடித்துக்கொண்டே சுவர் வரை போய்ப் பாருங்கள். ஒரு இரவு எவ்வளவு கொடுத்தும் சாச்சுரேஷன் ஏறவில்லை, மாஸ்க்கை மாற்றினோம், பிடியை மாற்றினோம், கடைசியில் பார்த்தால் குழாய் மாட்டியிருந்தது பக்கத்தில் இருந்த, சாதாரணக் காற்று வரும் ஃப்ளோமீட்டரில்!

இப்போது எதில் கொடுப்பது? பை வைத்த மாஸ்க்கில் 15 லிட்டர் ஓடவிட்டாலும் ஓரங்களில் வெளிக்காற்று புகுந்துவிடும், 100 சதவீதம் கிடைக்காது. அதைவிட முக்கியம், மூடிய காற்றறையைத் திறக்க ஆக்சிஜன் மட்டும் போதாது, அழுத்தம் வேண்டும். அதனால் என் முதல் தேர்வு என்ஐவி, அதாவது ட்யூப் இல்லாமல் இறுக்கமான மாஸ்க் வழியாக மெஷின் அழுத்தத்தோடு மூச்சு கொடுப்பது. அமெரிக்காவில் 1,301 பேரிடம் நடந்து 2024-இல் வெளியான பிரியாக்ஸி ஆய்வில், ட்யூப் போடும்போது சாச்சுரேஷன் 85-க்குக் கீழே போனது என்ஐவி பெற்றவர்களில் 9.1 சதவீதம், சாதாரண மாஸ்க்கில் 18.5 சதவீதம். ஏறக்குறைய பாதி!

ஆக்சிஜன் 100 சதவீதம், உள்மூச்சு அழுத்தம் குறைந்தது 10, வெளிமூச்சு அழுத்தம் குறைந்தது 5 சென்டிமீட்டர் நீரளவு, நிமிடத்துக்குக் குறைந்தது 10 மூச்சு என்று வைத்து, கசிவில்லாமல் மாஸ்க்கைப் பொருத்தி 3 நிமிடமாவது விடுங்கள். வாந்தி எடுத்துக்கொண்டிருப்பவருக்கு இது வேண்டாம். மாஸ்க்கைப் பிடுங்கி எறிகிறவர் என்றால் சீனியரைக் கூப்பிடுங்கள், மூச்சை அடக்காத அளவில் கெட்டமின் கொடுத்து அமைதிப்படுத்திவிட்டுத் தொடரலாம். என்ஐவி இல்லையா? சரி, பீப் வால்வு (மூச்சு விட்ட பிறகும் நுரையீரலில் கொஞ்சம் அழுத்தத்தை நிறுத்திவைப்பது) மாட்டிய அம்பு பையை (கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் பை) எடுங்கள், அதன் மாஸ்க்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடிக்க ஒருவரை நிறுத்துங்கள்.

மருந்து போனதும் மாஸ்க்கைக் கழற்றிவிடுவதுதான் பழகிய தவறு. லாரிங்கோஸ்கோப் (குரல்நாணைப் பார்க்க வாய்க்குள் விடும் கருவி) கைக்கு வந்து வாயைத் திறக்கிற நொடி வரை மாஸ்க் முகத்திலேயே இருக்கட்டும், அந்த இடைவெளியில் மெஷினோ பையோ மூச்சு கொடுத்துக்கொண்டே இருக்கட்டும்.

மானிட்டரைப் பார்த்து எண்ணைச் சத்தமாகச் சொல்ல ஒருவர் வேண்டும். விரலில் மாட்டிய கருவி அரை நிமிடமோ அதற்கு மேலோ பின்தங்கித்தான் காட்டும், கை சில்லிட்டிருந்தால் இன்னும் தாமதம். அதனால் 93 என்று காதில் விழுந்ததும் நான் லாரிங்கோஸ்கோப்பை வெளியே எடுத்துவிட்டுப் பையைப் பிடிப்பேன், குரல்நாண் கண்ணெதிரே தெரிந்துகொண்டிருந்தாலும்.