ரத்தத்திலிருந்து நியூரான்: மூளை நோய் ஆய்வில் முதல் அடிகள்

உயிரோடு இருப்பவரின் மூளையிலிருந்து ஆய்வுக்கென்று துண்டு கேட்க முடியாது. அதனால்தான் இந்தச் சுற்றுவழி: அவருடைய ரத்த செல்லை ஸ்டெம் செல்லாக (உடலின் எந்த வகை செல்லாகவும் மாறக்கூடிய செல்) மாற்றி, அதிலிருந்து நியூரான், அதாவது நரம்பு செல், வளர்ப்பது. பாளையங்கோட்டைக் கல்லூரிகளில் உயிரியல் படித்துக்கொண்டு, இந்த வகை லேபுக்குள் இன்னும் நுழையாத பிள்ளைகளுக்காக எழுதுகிறேன்.

1. யாருடைய ரத்தம்?

எல்லோரும் அவசரமாகத் தாண்டிப் போகும் இடம் இது. நோயாளி ஒருவர், ஒப்பிட எங்கிருந்தோ இன்னொருவர் என்று எடுத்தால், கடைசியில் தெரியும் வித்தியாசம் நோயால் வந்ததா, ஆள் வேறு என்பதால் வந்ததா என்று பிரிக்கவே முடியாது. அக்காவுக்கு மனச்சிதைவு, தங்கைக்கு இல்லையென்றால் இருவரிடமும் எடுங்கள். நம் பக்கம் மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள் கட்டிக்கொடுப்பது உண்டு. அதனால் வம்சாவளியை மூன்று தலைமுறைக்காவது வரைந்துகொள்ளுங்கள். பெங்களூருவின் மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் பங்கேற்கும் ஸ்டெம் செல் ஆய்வும், பலர் பாதிக்கப்பட்ட குடும்பங்களைத்தான் தேடுகிறது.

நெறிமுறைக் குழு அனுமதி, எழுத்து மூலமான ஒப்புதல் இரண்டும் கட்டாயம். "ரத்தம் கொடுத்தா இவளுக்குச் சரியாயிருமா?" என்று வீட்டில் கேட்பார்கள். ஆகாது, இது ஆய்வு மட்டும்தான் என்று உடைத்துச் சொல்லிவிடுங்கள்.

2. பின்னோக்கித் திருப்புதல்

ரத்த செல்லை ஸ்டெம் செல்லாக்கும் படி இது. ஜப்பானிய விஞ்ஞானி ஷின்யா யமனகா 2006-ல் எலி செல்லிலும், 2007-ல் மனித செல்லிலும் செய்துகாட்டிய வழி. ஆக்ட்4, சாக்ஸ்2, கேஎல்எஃப்4, சி-மிக் என்ற நான்கு மரபணுக்களைச் செல்லுக்குள் அனுப்ப வேண்டும். அவற்றைச் சுமந்து போக சென்டாய் என்ற வைரஸ் நல்ல வண்டி. செல்லின் டிஎன்ஏவில் ஒட்டிக்கொள்ளாது. சில வாரங்களில் ஸ்டெம் செல் கூட்டங்கள் தெரியும். குரோமோசோம் சரியா, மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணிய பாக்டீரியாவின் தொற்று உண்டா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்தது.

3. நியூரானாக்குதல்

பிஎம்பி, டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதங்கள் வழிச் சமிக்ஞைகளை அடைத்தால் செல்கள் நரம்புப் பாதைக்குத் திரும்பும். முதிர்ந்த நியூரானாக மாதக்கணக்கில் ஆகலாம். இன்குபேட்டரில் 37 டிகிரி, 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. ஸ்டெம் செல்லுக்கு அநேகமாகத் தினமும் மீடியம் (செல் வளரும் ஊட்டத் திரவம்) மாற்ற வேண்டும். நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்துக்கு ஊருக்கு லீவு, உங்களுக்குக் கிடையாது.

4. ஒப்பிடுதல்

நியூரானின் கிளைகள், சினாப்ஸ் (நியூரான்கள் ஒன்றோடொன்று பேசும் இணைப்பு), மின்துடிப்பு மூன்றையும் பாருங்கள். ஒரே மரபணுப் பிழை என்றால் கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டும் கருவி கொண்டு அதைத் திருத்தி, அதே ஆளின் செல்லையே ஒப்பீட்டுக்கு வைக்கலாம். தங்கையைவிட நெருக்கமான ஜோடி அது.

ஒரு சிக்கல்: பின்னோக்கித் திருப்பும்போது வயதின் தடயங்கள் பெரும்பாலும் அழிந்துபோகும். எழுபது வயது ஆச்சியின் மறதி நோய்க்காக வளர்த்த நியூரானும் கருவின் நியூரானைப் போலத்தான் இருக்கும். அதனால் சிறுவயதிலேயே தொடங்கும் நோயை முதலில் எடுங்கள். ரெட் நோய்க்குறியில் (பெரும்பாலும் பெண் குழந்தைகளுக்கு வரும் மரபணு சார்ந்த மூளை வளர்ச்சிக் கோளாறு) 2010-லேயே இது பலித்தது: நோயாளிகளின் நியூரான்களில் சினாப்ஸ் குறைவு, செல்லின் உடலும் சிறியது.