பழைய செக்ஸ்டன்ட் கையில் கிடைத்தால் செய்யக் கூடாதவை

திருகோணமலைத் துறைமுகம் 1957 வரை பிரித்தானியக் கடற்படைத் தளமாக இருந்ததால், இங்கே ஒரு பித்தளைச் செக்ஸ்டன்டை (சூரியனும் விண்மீனும் அடிவானத்துக்கு மேல் எவ்வளவு உயரத்தில் என்று மாலுமிகள் கோணம் அளக்கும் கருவி) காட்டி "கப்பலில் இருந்தது" என்றால் நம்பிவிடத் தோன்றும். 'கெல்வின் அன்ட் ஹியூஸ், லண்டன், 1917' என்று பொறித்திருந்தால் வாங்க வேண்டாம். அந்தப் பெயரில் நிறுவனம் உருவானதே 1947இல்தான். அது அலங்காரப் பிரதி.

உண்மையான கருவி வினைஞர் ஒருவரின் பெயர் இருந்தாலும் அவரே செய்தார் என்று முடிவு கட்டக் கூடாது. விற்ற கடைக்காரரும் தம் பெயரைப் பொறிப்பதுண்டு. லண்டன் கருவி வினைஞர் ஜெஸ்ஸி ராம்ஸ்டன் 1770களில் கட்டிய பாகை பிரிக்கும் இயந்திரத்தில் பிற பட்டறைகளின் கருவிகளுக்கும் கோடு கீறிக் கொடுத்தார்கள்: ஒக்டன்டுக்கு (இதே வகைக் கருவி, வில் சற்றுச் சிறியது) 3 ஷில்லிங், செக்ஸ்டன்டுக்கு 6 ஷில்லிங். எனவே வில்லில் (பாகைக் கோடுகள் உள்ள வளைந்த பகுதி) ராம்ஸ்டனின் நங்கூர முத்திரை இருந்தால் கோடு அங்கே கீறப்பட்டது என்றுதான் கொள்ள வேண்டும். கருவியின் சட்டகம் வேறொருவர் வார்த்ததாக இருக்கலாம்.

வாங்குமுன் உப்புவெளிக் கரையில் நின்று சோதியுங்கள். வில்லின்மேல் நகரும் சுட்டியைப் பூச்சியத்தில் வைத்து அடிவானத்தைப் பாருங்கள். நேர்க்காட்சியும் கண்ணாடியில் தெரிவதும் ஒரே கோடாகச் சேர வேண்டும். சில கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை) விலகினால் பரவாயில்லை, கண்ணாடித் திருகால் திருத்தலாம். எவ்வளவு திருகியும் சேராவிட்டால் அது மேசையில் வைக்கும் பொம்மை. நிற வடிகட்டி இல்லாமல் சூரியனைப் பார்க்கவே கூடாது.

மிகப் பெரிய அழிவு துப்புரவில்தான். குத்துவிளக்குக்குப் போடும் புளியும் சாம்பலும் இதற்கு ஆகாது. பித்தளைமேல் இருக்கும் மெல்லிய பழுப்பு நிறம் அழுக்கல்ல, அரக்கு வார்னிஷ். அது போனால் நம்மூர் உப்புக்காற்றில் வெறும் பித்தளை விரைவில் பச்சை பூக்கும். வில்லில் பதித்த வெள்ளிப் பட்டியைத் தேய்த்தால் தலைமயிர் அளவான கோடுகள் மழுங்கும். பிறகு வேர்னியரை (கோடுகளுக்கு இடைப்பட்ட அளவைக் காட்டும் சிறு அளவுகோல்) வாசிக்கவே முடியாது. அமோனியா கலந்த பொலிஷ் இன்னும் மோசம், இறுக்கமுள்ள பித்தளையில் வெடிப்பு விழச் செய்யும். ஸ்பிரிட்டும் வேண்டாம், அரக்கைக் கரைத்துவிடும். உலர்ந்த மென்தூரிகையால் தூசி தட்டி, பருத்தித் துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.

வாடைக்கால மாதங்களில் பெட்டியை மூடியே வைத்தால் வில்லையில் பூஞ்சணம் பிடிக்கும். சிலிக்கா ஜெல் பொதி ஒன்றை உள்ளே போட்டு, வெயில் கண்ட நாளில் நிழலில் திறந்து வையுங்கள்.