அலுமாரிக்குள் கிடக்கும் பழைய ஐசி ஊரில் எதற்கு உதவும்?

ஊருக்கு டிக்கெட் போட்டதும் பலரும் அலுமாரியைக் கிளறிப் பழைய இலங்கைத் தேசிய அடையாள அட்டையை (ஐசியை) தேடி எடுப்பார்கள். எடுத்து வையுங்கள், பிழையில்லை. ஆனால் கட்டுநாயக்கா விமான நிலையத்திலோ பலாலி விமான நிலையத்திலோ குடிவரவு மேசையில் அதை நீட்டிப் பயனில்லை. அங்கே கடவுச்சீட்டுத்தான். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு என்றால், புறப்பட முதலே இணையத்தில் பயண அனுமதியையும் எடுத்துவிடுங்கள்.

அட்டை செல்லுமா என்பது நீங்கள் இன்னும் இலங்கைப் பிரசையா என்பதைப் பொறுத்தது. நிரந்தர வதிவிடம் மட்டும் உள்ளவர்களுக்குப் பிரச்சினையில்லை. வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்தவர்களுக்கு, இரட்டைக் குடியுரிமை பெற்றிருந்தாலொழிய, இலங்கைக் குடியுரிமை போய்விடும். அட்டை கையில் கிடந்தாலும் அது வெறும் நினைவுப்பொருள்தான். சிகிரியாவில் உள்ளூர்க் கட்டணத்துக்காக அதைக் காட்டும் ஆட்களும் இருக்கிறார்கள். அந்தக் கொஞ்சக் காசுக்கு ஏன் வம்பு?

அட்டை செல்லும் என்றால், இலக்கத்தை ஒருமுறை பாருங்கள். பழையதில் ஒன்பது இலக்கமும் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். 1974 மார்ச் 10 பிறந்த ஆணுக்கு 74070 என்று தொடங்கும்: 74 ஆண்டு, 070 அந்த ஆண்டின் எழுபதாவது நாள். பெண் என்றால் நாளோடு 500 கூட்டி 74570 என்று வரும். (பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் கணக்கு. எண்ணிப் பார்த்து ஒரு நாள் இடிக்கிறதே என்று குழம்ப வேண்டாம்.) 2016 முதல் வந்த பன்னிரண்டு இலக்கத்தில் ஆண்டை முழுதாக 1974 என்று போடுவார்கள், கடைசி எழுத்து இல்லை.

உள்ளே போனபிறகு சிம் வாங்க, விடுதியில் தங்க, யாழ்தேவி ரயிலில் இருக்கை பதிய, ஐசி இலக்கமோ கடவுச்சீட்டு இலக்கமோ கேட்பார்கள். ஒன்று போதும். முன்பு, 2014 ஒக்டோபர் முதல், வெளிநாட்டுக் கடவுச்சீட்டுடன் வடக்கே போகப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி தேவைப்பட்டது. 2015 ஜனவரியில் அது நீங்கியது.

உண்மையான தலையிடி பெயர்தான். ஐசியில் தகப்பன் பெயர் முன்னால் நிற்கும், வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் அது குடும்பப் பெயராகிப் பின்னால் போயிருக்கும். எழுத்துக்கூட்டலும் மாறியிருக்கும். வங்கியிலும் காணி உறுதி எழுதும் இடத்திலும் இரண்டும் ஒரே ஆள்தானா என்று கேட்பார்கள். பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியும், மணமானவர் என்றால் விவாகச் சான்றிதழும் பையில் இருக்கட்டும்.

அட்டை தொலைந்திருந்தால் முதலில் பொலிஸ் முறைப்பாடு, அப்புறம் விதானையார் (கிராம அலுவலர்), பிறகு பிரதேச செயலகம். மூன்று வார விடுமுறையில் இதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள், போய் இறங்கிய மறுநாளே விதானையாரைப் பாருங்கள்.