கொரோனாவில் ஆல்வேன் அலை: கணினியில் முதல் பாவனையாக்கத்தை அமைக்கும் முறை

சூரியனின் கண்ணுக்குத் தெரியும் மேற்பரப்பான ஒளிமண்டலம் ஏறத்தாழ 5,800 கெல்வினில் இருக்க, அதற்கு மேலுள்ள வெளி வளிமண்டலமான கொரோனா மட்டும் பத்து லட்சம் கெல்வினைத் தாண்டுவது ஏன் என்ற கேள்விக்குச் சொல்லப்படும் விடைகளுள் ஒன்று, 1942இல் இயற்பியலாளர் ஹன்னஸ் ஆல்வேன் முன்வைத்த காந்த அலை; காந்தப்புலக் கோடுகள் இழுத்துக் கட்டிய கம்பிபோல் அதிர, அந்த அதிர்வு கோட்டின் வழியே ஓடுவதே ஆல்வேன் அலை. அதைக் கணினியில் ஓட்டிப் பார்க்க விரும்புபவர், காந்தப்புலக் கோட்டின் வழியே ஒற்றைப் பரிமாணத்தில், ஈர்ப்பை விட்டுவிட்டுத் தொடங்குவதே நல்லது. அங்கே விடையைத் தாளிலேயே கணக்கிட்டுவிடலாம்.

புலம் 10 காஸ், அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 100 கோடி புரோட்டான் என்று கொண்டால், இந்த அலையின் வேகம் (ஆல்வேன் வேகம்) நொடிக்குச் சுமார் 690 கிலோமீட்டர். ஒரு லட்சம் கிலோமீட்டர் நீளத்தை அலை 145 நொடியில் கடக்கும். அந்நீளத்தை 1,000 கட்டங்களாகப் பிரித்து, கூரன்ட் எண்ணை (ஒரு காலப்படியில் அலை ஒரு கட்டத்தின் எத்தனை பங்கைக் கடக்கலாம் என்ற வரம்பை) 0.4 என வைத்தால், காலப்படி 0.058 நொடிக்கு மிகக் கூடாது. காந்தப் பாய்மங்களைக் கணக்கிடும் அதீனா++, புளூட்டோ போன்ற திறந்த மூல நிரல்கள் இதைத் தாமே கணக்கிட்டுக்கொள்ளும்.

அடிமுனையில், புலத்துக்குக் குறுக்கான வேகத்தை 60 நொடி அலைவுக்காலமும் நொடிக்கு 20 கிலோமீட்டர் வீச்சும் கொண்ட சைன் அலையாகக் கொடுங்கள். குறுக்குப் புலம் 0.29 காஸ் அளவில் எழ வேண்டும். அலை புலத்தின் திசையிலேயே செல்வதால், குறுக்கு வேகமும் குறுக்குப் புலமும் எங்கும் எதிர்க்குறியில் இருக்கும். 145 நொடிக்குப் பிறகு மேல்முனையருகே இந்தப் பொருத்தம் கலைந்தால், எல்லையில் பட்டு அலை திரும்புகிறது என்று பொருள்; எல்லை நிபந்தனையைத் திருத்தாமல் மேலே போகாதீர்கள். வீச்சை இரட்டித்தும் பாருங்கள்: அடர்த்தியில் தோன்றும் சிற்றலை நான்கு மடங்காக வேண்டும்.

பலரும் சறுக்குமிடம் வெப்பம். கொரோனாவின் மின்தடை மிக மிகச் சிறியது. மின்தடை எவ்வளவு சிறியதோ அவ்வளவு பெரிதாகும் லுண்ட்குவிஸ்ட் எண் அங்கே லட்சம் கோடிக்கும் மேல். எவ்வளவு நுணுக்கமாகக் கட்டங்களைப் பிரித்தாலும் அதை எட்ட முடியாது என்பதால், ஓட்டத்தில் அலை தேய்ந்து வெப்பமாவதுபோல் தெரிவது பெரும்பாலும் எண்முறையின் பிழையே. அதே ஓட்டத்தை 500, 1,000, 2,000 கட்டங்களில் நடத்துங்கள். கட்டம் நுணுக நுணுக இழப்பு குறைந்துகொண்டே போனால், அதைச் சூரியனின் கணக்கில் எழுதக் கூடாது.

இந்தச் சோதனைகள் தேறிய பின்பே இரு பரிமாணத்துக்குச் செல்லலாம். அங்கே காந்தப்புலத்தின் விரிதல் (divergence; புலக் கோடுகள் எங்கும் தொடங்கவோ முடியவோ கூடாது என்பதன் அளவு) சுழியாகவே நிற்கிறதா என்று ஒவ்வொரு ஓட்டத்திலும் பார்ப்பது கட்டாயம். குறுக்கே அடர்த்தியை மாற்றினால், அடுத்தடுத்த கோடுகளில் அலைகள் வெவ்வேறு வேகத்தில் ஓடி, அலைவின் ஒத்திசைவு (phase) பிசகி, செங்குத்தான சரிவுகளை உண்டாக்கும். 1983இல் ஹெய்வார்ட்ஸ், ப்ரீஸ்ட் என்ற இரு ஆய்வாளர்கள் விவரித்த இந்த அலைவுநிலைக் கலப்பே (phase mixing) அடுத்து ஓட்டிப் பார்க்கத் தக்க கணக்கு.