அணைக்குள்ள போன ஊர மறுபடி கட்டுற சூப்பர் ஹீரோயின்: 8 பக்க காமிக்ஸ் நீங்களே பண்ணலாம்

பறந்து போய் வில்லன அடிக்கற கதை நெறைய வந்தாச்சுங்க, ஊர இழந்த ஒரு பொண்ணு அத திரும்ப எழுப்பி மனசுல கெடக்கறத எறக்கி வெக்கற கதை நம்ம பக்கத்துக்கு வேணும், ஏன்னா அப்படி ஒரு ஊரு இங்கயே இருக்குது. 1955ல நம்ம ஈரோடு மாவட்டத்து பவானிசாகர் அணை கட்டி முடிஞ்சுது, டணாய்க்கன்கோட்டைங்கற ஊரு தண்ணிக்குள்ள போச்சு, தண்ணி ரொம்ப வத்தற வருசத்துல மட்டும் அங்கிருக்கற மாதவப்பெருமாள் கோயில் வெளிய தெரியும். இதையே வெச்சு படிப்படியா சொல்றேன். ரெண்டு ஏ4 தாளு, பென்சிலு, கருப்பு ஜெல் பேனா போதும்.

ஸ்டெப் 1: மொதல்ல சக்திய யோசிக்காதீங்க, அதுக்கு வரம்பு என்னனு யோசிங்க. நம்ம ஹீரோயின் பேரு மயிலாத்தானு வெச்சுக்கலாம், மண்ணுல கைய வெச்சா இடிஞ்ச வீடு எந்திரிக்கும், ஆனா அங்க வாழ்ந்தவங்க யாராச்சும் "இங்கதான் இருந்துச்சு"னு சொன்னாத்தான் அது நிக்கும், இல்லனா சரிஞ்சுரும். இப்ப அவ வானத்துல பறந்தா வேலைக்காகாது, ஒவ்வொரு வயசானவங்க வீட்டுத் திண்ணைலயும் போய் உக்காரணும். கதை அங்கதான் இருக்குது.

ஸ்டெப் 2: வில்லன் வேண்டாம், ஆசை ஒண்ணு வேணும். அணைய ஒடச்சா பழைய ஊரு வெளிய வந்துரும், அவளால முடியும். ஆனா அந்த அணைத் தண்ணிய நம்பி கீழ்பவானி பாசனத்துல 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர் இருக்குது, இன்னொருத்தரு வெள்ளாமைக் காட்ட காயவெச்சுட்டு தன்னூர கட்டலாமா? 4ஆம் பக்கம் முழுசா ஒரே படமா அவ கை அணை மேல இருக்கறத வரைங்க, 3ல இருந்து தாள திருப்பறப்ப பொளேர்னு தெரியும்.

ஸ்டெப் 3: அவ கைய எடுத்துட்டு மேட்டுல கட்ட ஆரம்பிக்கறா. இங்க அவசரப்படாதீங்க, ரெண்டு பக்கம் குடுங்க. பொதுவா "வீடு" வரையாதீங்க, ஆசாரம் (வீட்டு முன்கூடம்), கட்டுத்தரை (மாடு கட்டற எடம்), ஆட்டாங்கல்லுனு தனித்தனியா வரைங்க. வேலிக்கு கிளுவை, அத வெதை போட வேண்டியதில்ல, போத்து (கெளை) வெட்டி நட்டாலே தழையும், அதனால மயிலாத்தாவோட அமுச்சி (அம்மாவோட அம்மா) பழைய ஊர விட்டு வந்தப்ப கொண்டுவந்து நட்ட வேலில இருந்தே ஒரு போத்த ஒடிச்சு இவ கைல குடுக்கறாங்க. சக்தியே இல்லாம நடற இந்த ஒரு கட்டத்த கிட்டக்க வரைங்க, நகத்துல மண்ணு ஒட்டிருக்கறது தெரியணும்.

ஸ்டெப் 4: முடிவு. எல்லாத்தையும் கட்டிட்டா சுபம்னு போட்றாதீங்க, மனசு ஆறணும்னா எதையோ கட்டாம விடணும். 7ஆம் பக்கத்துல அமுச்சி ஒரு எடத்தக் காட்டி "இங்க உங்க அப்புச்சி வாசல், அத எழுப்பாத கண்ணு, அவரு இல்லாத வாசலு எனக்கெதுக்கு"ங்கறாங்க (அப்புச்சினா அம்மாவோட அப்பா). மயிலாத்தா என்ன பதில் சொல்றானு எழுதாதீங்க, மூஞ்சி மட்டும் போதும்.

ஸ்டெப் 5: வசனத்த மொதல்ல எழுதிட்டு அதச் சுத்தி பலூன் போடுங்க, தமிழ் எழுத்துக்கு எடம் ஜாஸ்தி வேணும், மாத்திப் பண்ணுனா எழுத்து நசுங்கிரும். "ஏனுங்", "போலாமுங்"னு நம்ம பேச்சே வரட்டும்.

ஸ்டெப் 6: ரெண்டு தாளையும் பாதியா மடிச்சு ஒண்ணுக்குள்ள ஒண்ணு வைங்க. வெளித்தாள்ல ஒரு பக்கம் 8, 1, பின்னாடி 2, 7. உள்தாள்ல 6, 3, பின்னாடி 4, 5. பக்கத்துப் பக்கத்துல இருக்கற எண்ண கூட்டுனா 9 வரணும், வரலைனா மாறிப்போச்சுனு அர்த்தம். ஜெராக்ஸ் கடைல ரெண்டு பக்கமும் எடுத்து நடுவுல பின் அடிச்சுருங்க. ஆகஸ்ட்ல ஈரோடு புத்தகத் திருவிழாவுக்கு காமிக்ஸ் படிக்கறவங்க நெறைய வருவாங்க, கைல பத்து காப்பி கொண்டு போங்க, ஆனா மொத காப்பிய சொந்த ஊர விட்டு வந்த ஒருத்தருகிட்ட குடுத்து கட்டுத்தரை சரியா வந்துருக்குதானு கேளுங்க.